யாருக்கென்று சொல்லாத குரல்

கப்பல்தளத்தின் வாயிலறையில் செவிமூடிகளைப் பொருத்திக்கொண்டதும் அமலோற்பவத்துக்குக் கடலின் இரைச்சல் நின்றது. ஒரு நொடி ஒன்றுமில்லை. அந்த ஒரு நொடிக்காகவே அவள் தினமும் காத்திருப்பாள். பிறகு தளத்தின் கம்பியில்லா வலையமைப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. முப்பது பேரின் பேச்சு காதுக்குள் கொட்டியது.

“ஏல, என் சாப்பாட்டுத் தூக்குச்சட்டிய எவம்ல எடுத்தான்?”

“எடுத்தவன் இந்நேரம் வயிறு கலங்கி உக்காந்திருப்பான், விடு.”

தூத்துக்குடிக்குத் தெற்கே இருந்த அந்தத் தளத்தில் காற்றின் வழியே யாரும் பேசிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. தகடுகளை அறையும் எந்திரங்களின் சத்தத்தை வெறுங்காது ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால் எல்லோருக்கும் காது அடைபட்டிருந்தது. கழுத்தில் கட்டிய தொண்டைப்பட்டையிலிருந்து குரலை எடுத்து வலையமைப்பு கொண்டுபோனது. யார் பேசினாலும் ஐம்பதடிக்குள் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். அதற்கு அண்மை முறை என்று பெயர்.

இன்று பதினோரு மணிக்கு, வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் அமலோற்பவம், எல்லோருக்கும் அமலி, அதை மாற்ற வேண்டும். கால்வாய்க்கு அக்கரையில் எழும்பிய புதிய தளம்வரை அண்மை முறையால் குரலைக் கொண்டுபோக முடியவில்லை. இனி முகவரி முறை. ஒருவர் பெயரைச் சொன்னால், அவர் எங்கிருந்தாலும் குரல் அவரை மட்டும் சென்றடையும். மாற்றுவதற்கு வலையமைப்பின் கட்டுப்பாட்டுக் கணினியை நிறுத்தி எழுப்ப நான்கு நிமிடம் பிடிக்கும். அந்த நான்கு நிமிடம் அவளை உறுத்தவில்லை. ஆட்களை வெளியே வரச் சொல்லிவிடலாம். உறுத்தியது அதற்குப் பிறகு வரும் காலம்.

“பேர் சொல்லாம பேசுனா அது எங்க போகும் சார்?” என்று மேலாளர் ரகோத்தமனிடம் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்கயும் போகாது. வெட்டிப்பேச்சு நிக்கும். நல்லதுதானே?”

“கப்பல் வயித்துக்குள்ள ஒருத்தன் மாட்டிக்கிட்டா?”

“பக்கத்துல இருக்கிறவன் பேரைச் சொல்லுவான். உனக்கு எப்பவும் பயம்தான் அமலி.”

பயம்தான். மூன்றாம் கப்பலின் அடிவயிற்றில் இரும்புத் தகடுகளைப் பற்றவைக்கும் சுடலைமுத்துவை உட்காரவைத்து, பெயரில்லாமலே எல்லோருக்கும் போக வேண்டிய சொற்களை அவள் ஒரு பட்டியலாக எழுதினாள். ஐயோ. தீ. காப்பாத்து. ஓடு.

“கெட்ட வார்த்தையையும் சேத்துக்கோங்கக்கா. அடி பட்டா எனக்கு அதுதான் மொதல்ல வரும்,” என்றான் முத்து.

முகம் சிவக்க மூன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு ஆட்கள் வெளியே வந்தார்கள், நான்கு நிமிடம் ஊமைகளாக நின்றார்கள், திரும்பிப் போனார்கள். திரையில் ஆளுக்கொன்றாக முந்நூற்றுப் பன்னிரண்டு பச்சைப் புள்ளிகளும் உயிர்பெற்றன. கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிக்கு அப்பால் உதடுகள் அசைந்தன. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. வாயிலறையில் அவள் ஆசைப்பட்ட அமைதி இப்போது நாள் முழுவதும் கிடைக்கப்போகிறது.

பதினொன்று நாற்பதுக்கு வெளி இணைப்பில் அவள் காதுக்கு ஓர் அழைப்பு வந்தது.

“கப்பல் கம்பெனிதான? நான் கோவில்பட்டிலருந்து பேசுதேன், சுடலைமுத்துக்கு அம்மா. எம்பிள்ள என் போன்ல ‘அம்மா அம்மா’ன்னு கத்திக்கிட்டே இருக்கான். என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கான். பக்கத்து வீட்டுப் போன வாங்கி உங்கள கூப்பிடுதேன். நீங்க அவன் பக்கத்துலதான இருக்கிய?”

அவசரத்துக்கு உதவட்டுமென்று பணியாளர் பதிவேட்டிலிருந்த வீட்டு எண்களையும் ஒவ்வொருவரின் முகவரிப் பட்டியலில் ஏற்றியவள் அமலிதான். எல்லோருக்கும் முதல் வரி ‘அம்மா’. வலியில் வந்த கூக்குரலை வலையமைப்பு ஒரு பெயராக எடுத்துக்கொண்டு, பிழையில்லாமல் உரியவரிடம் சேர்த்துவிட்டது.

“வைக்காதீங்கம்மா, ரெண்டு போனையும் வைக்காதீங்க,” என்றபடி ஓடினாள்.

மூன்றாம் கப்பலின் அடிவயிற்றில் இரண்டு பேர் முதுகைக் காட்டி இரும்பு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து பத்தடி தள்ளி, சரிந்த தகட்டுக்கடியில் முத்து கிடந்தான். வாய் திறந்து திறந்து மூடியது.

“முத்து, அமலிக்கா வந்துட்டேன்!”

கண் அவள் பக்கம் திரும்பியது. உதடு ஏதோ சொன்னது. அவள் பெயரைச் சொல்ல அவனுக்கு மூச்சு இல்லை. ‘அம்மா’ என்று தொடங்கிய அழைப்பு திறந்தே கிடந்ததால், சொன்னதெல்லாம் கோவில்பட்டிக்குப் போயிற்று.

“என்னம்மா சொல்லுதான்?” என்று காதிலிருந்த தாயிடம் கேட்டாள்.

“வலது காலாம். தகட்ட தள்ளிராதீங்கங்கான். சங்கிலி போட்டு நேரா தூக்கணுமாம்.”

தோளில் தட்டி இருவரையும் திருப்பினாள். “மரியதாஸ், சங்கிலி! கொம்பையா, மருத்துவ அறைக்கு ஓடு!” ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி அழைக்க வேண்டியிருந்தது. முழங்கையளவு தூரத்தில் கிடந்தவனின் பேச்சு அறுபது கிலோமீட்டர் போய், ஒரு தாயின் குரலில் திரும்பி வந்தது. அந்தக் குரல் சொன்னபடியே சங்கிலி மாட்டினார்கள். தகடு எழுந்தது.

“சத்தத்தக் காணோமே. மூச்சு விடுதானா? நான் இங்கருந்து எப்படிப் பாக்க?”

அமலி அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். ஏறியது, இறங்கியது. “விடுதான்மா.”

ஆட்கள் சூழ்ந்து நின்றார்கள். எல்லா உதடுகளும் அசைந்தன. ஒருவர் பேசுவதும் அவளுக்குக் கேட்கவில்லை. அவள் கைக்குக் கீழே முத்துவின் உதடுகள் மறுபடி மெல்ல அசைந்தன. இம்முறை கொஞ்சம் நீளமாக.

“இப்ப என்ன சொன்னான்?”



“அது எனக்குச் சொன்னதும்மா,” என்றாள் அந்தத் தாய்.