நான்கு இழுப்பு

மீட்புப் படையின் வண்டி கல்குவாரி ஓரத்தில் வந்து நின்றபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. வெயில் இன்னும் தணியவில்லை. ஐந்து பேரில் கடைசியாக இறங்கியவள் நூலு.

ஏழு மாதமாக அவள் இந்தப் பக்கமே வரவில்லை.

கல் வெட்டுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆன குவாரி அது. பள்ளம் முழுக்க மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மேலே பார்க்கப் பச்சையாக, சாதுவாகத்தான் இருக்கும். இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே போனால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. துருப்பிடித்த இரும்பின் வாடையும் அழுகிய பாசியின் வாடையும் கலந்து கரைவரைக்கும் வந்தது.

பாறை மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் மடித்து வைத்த ஆண் சட்டை. கையில் டீ வாங்கிய பாட்டில். அவள் புருஷன் லாரி ஓட்டுபவன். காலையில் குளிக்க இறங்கியவன் மேலே வரவில்லை.

"குளிச்சிட்டு வர்றேன், டீ வாங்கி வைன்னாரு," என்றாள் நூலுவிடம். "ஆறிப்போச்சும்மா."

நூலு அவள் தோளைத் தொட்டுவிட்டு, உடுப்பு மாற்ற வண்டிக்குப் பின்னால் போனாள்.

நூலு என்பது ஸ்டேஷனில் வைத்த பட்டப்பெயர். ஆள் ஒல்லி, வேலை கயிறு பிடிப்பது, அதனால் நூலு. அவளுக்கு இரண்டு வருடம் முன்னால் சேர்ந்தவளின் பட்டப்பெயர் முதலை. தண்ணீருக்குள் மூழ்கித் தேடும் வேலைக்கு வந்த முதல் பெண். "சிலிண்டரைத் தூக்குவியா, இல்ல சிலிண்டர் உன்னைத் தூக்குமா?" என்று முதல் நாள் ஆண்கள் சிரித்தார்களாம். அவள் இரண்டு சிலிண்டரைத் தோளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு, "வேற ஏதாவது ஏத்தணுமா? யாராவது உக்காந்துக்கிறீங்களா?" என்று கேட்டாளாம். கேலியாக வைத்த முதலை என்ற பெயர் அன்று மாலைக்குள் மரியாதையாகிவிட்டது.

பெண்களுக்கென்று தனி அறை கிடையாது. பழைய டயர்கள் அடுக்கிய சாமான் அறையில்தான் இருவரும் உடுப்பு மாற்றுவார்கள். ஒருத்தி மாற்றும்போது இன்னொருத்தி கதவில் முதுகு சாய்த்து நிற்பாள். நூலு அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

தண்ணீருக்குள் பேச முடியாது. இடுப்பில் கட்டிய கயிறுதான் வாய். ஒரு இழுப்பு என்றால் நல்லா இருக்கேன். இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் ஆள் கிடைச்சாச்சு.

நான்கு என்றால், என்னை மேலே இழு.

ஏழு மாதம் முன்னால் இதே குவாரியில் அக்கா இறங்கினாள். கரையில் கயிறு நூலுவின் கையில். அதில் நான்கு இழுப்பு வந்தது. தெளிவாக, எண்ணி எடுத்தது போல.

"சார், நாலு!" என்று நூலு கத்தினாள்.

"கல்லுல உரசுது. அவசரப்படாத," என்றார் அதிகாரி. "இன்னும் இருபது நிமிஷக் காத்து இருக்கு அவளுக்கு."

மறுபடியும் நான்கு. நூலு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்து மறுத்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாத நூலு அடங்கிப்போனாள். மூன்று நிமிடம் கழித்து அவரே இழுக்கச் சொன்னார். அதற்குள் கயிறு எங்கோ கீழே பழைய இரும்புக் கம்பியில் சிக்கிக்கொண்டது. அக்கா உயிரோடு மேலே வரவில்லை.

விசாரணையில், சைகை தெளிவாக இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நூலு எழுதிக் கொடுத்தாள். மறுவாரமே மூழ்கும் பயிற்சிக்குப் பெயரும் கொடுத்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இன்று கயிற்றை அதிகாரியே கையில் எடுத்துக்கொண்டார். யாரிடமும் கொடுக்கவில்லை.

"பயமா இருந்தா சொல்லு நூலு. வேற ஆளை வரவழைக்கலாம்."

"அவங்க வர ரெண்டு மணி நேரம் ஆகும் சார். அந்தம்மா அதுவரைக்கும் அப்படியே உக்காந்திருக்கணுமா?"

முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

பச்சை வெளிச்சம் பழுப்பானது. பழுப்பு கறுப்பானது. கைவிளக்கின் ஒளி ஒரு சாண் தூரத்திலேயே சேற்றுத்தூளில் கரைந்து போனது. தன் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. குளிர் காதுக்குள் குத்தியது. அடிமட்டத்தைக் கையால் தடவித் தடவி நகர்ந்தாள். கல். இரும்பு. கல்.

மெத்தென்று ஏதோ கையில் பட்டது.

இடுப்புப் பெல்ட். லாரிக்காரன்தான். பாறை இடுக்கில் குப்புறக் கிடந்தான். "வா அண்ணே, வீட்டுக்குப் போகலாம்," என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கொண்டுவந்த இரண்டாவது கயிற்றை அவன் பெல்ட்டில் மாட்டினாள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். காற்று அளவைக் காட்டும் முள் பாதியில் நின்றது. நிதானமாகவே செய்யலாம்.

மூன்று இழுப்பு கொடுக்க இடுப்புக் கயிற்றைப் பிடித்தாள்.

அவள் கைமேல் ஒரு கை வந்து படிந்தது.

நூலு அசையவில்லை. இறந்தவனின் கை தண்ணீரில் மிதந்து பட்டிருக்கும் என்று நினைத்தாள்.

அந்தக் கையில் கையுறை இருந்தது.

தடித்த ரப்பர் கையுறை. படையில் எல்லோருக்கும் கொடுப்பது. விளக்கைத் திருப்பினாள். சேற்றுத்தூள் மட்டும்தான் சுழன்றது. ஆனால் விரல்கள் அவள் விரல்களை மூடி இறுகின. கோபமில்லாத இறுக்கம். சைக்கிள் கற்றுக்கொடுக்கும்போது கைப்பிடியைச் சேர்த்துப் பிடிப்பார்களே, அப்படி.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நான்கு.

நான்காவது முடிவதற்குள் நூலு மேலே பறந்தாள். ஒரு நொடிகூடத் தாமதமில்லை. யாரோ உயிரைக் கொடுத்து இழுப்பது போல இடுப்பு வெட்டியது. பாதி வழியில் மூச்சை இழுத்தாள். காற்று வரவில்லை. மறுபடி இழுத்தாள். ஒன்றுமே இல்லை. முள் அப்போதும் பாதியில்தான் நின்றது. கண் இருட்டிக்கொண்டு வந்த வேளையில் தலை தண்ணீரைப் பிளந்து வெளியே வந்தது.

கரையில் படுக்க வைத்தார்கள். ஒருவர் சிலிண்டரைக் கழற்றித் திருகிப் பார்த்தார். "காலி. முள்ளு சிக்கிக்கிச்சு. அரை நிமிஷம் லேட்டாகியிருந்தா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அதிகாரியின் உள்ளங்கைகளில் கயிறு அறுத்து ரத்தம் வந்திருந்தது. "நாலு கொடுத்தியே," என்றார், மூச்சு வாங்க. "உடனே இழுத்துட்டேன். பாத்தியா, உடனே."

"நான் கொடுக்கல சார்."

அவர் அவளையே பார்த்தார். மற்றவர்கள் இரண்டாவது கயிற்றை இழுத்து லாரிக்காரனைக் கரை சேர்க்கப் போயிருந்தார்கள். அந்தப் பெண்ணின் அழுகை அப்போதுதான் எழுந்தது.

அதிகாரி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். ரகசியம் போலக் கேட்டார்.

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சா? இவ்வளவு தெளிவா?"

"இவ்வளவு தெளிவாத்தான் சார்."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். அறுபட்ட கையிலிருந்து ரத்தம் சட்டைக் கைக்குள் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

ஈரத் தலையோடு நூலு நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காவின் கணவர் பஸ் கண்டக்டர். இரண்டாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. இப்போது அவர் மட்டும்தான். அவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அக்கா அன்னைக்கு நாலு தடவை இழுத்தாங்க. தெளிவா இல்லைன்னு நான் எழுதிக் கொடுத்தது பொய். மூணு நிமிஷம் நான் கயிறைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நின்னேன்."

அவர் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"மூணு நிமிஷம்," என்றார் கடைசியில்.

"ஆமாண்ணே."

"உன்னைத் திட்டணும்னு தோணுது. வார்த்தை வரமாட்டேங்குது." பொத்தானை விட்டுவிட்டார். "அவ கூப்பிட்டிருக்கா. பதில் கிடைக்கலன்னு நெனச்சுக்கிட்டே போயிருக்கா."

நூலு சுவரோடு சுவராக நின்று அழுதாள். அவரும் அழுதார். ஒருவரை ஒருவர் தேற்றவில்லை.

அப்போது குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கதவடியிலிருந்து துருவும் பாசியும் கலந்த வாடை மெல்லக் கசிந்து அறைக்குள் பரவியது.

"யாருண்ணே உள்ள?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் பயமில்லை.

"இன்னைக்கு நீங்கள்ளாம் தண்ணில இறங்கினீங்களா?"

அவள் தலையாட்டினாள்.

"நீங்க இறங்குற நாள்ல எல்லாம் இப்படித்தான். அவ வேலை முடிச்சு வந்தா யார்கிட்டயும் பேசமாட்டா. நேரா குளிக்கத்தான் போவா." கொடியிலிருந்து உலர்ந்த துண்டை எடுத்தார். "வெளிய சொல்லிடாதம்மா. யாராவது பூசை அது இதுன்னு வந்து விரட்டிடுவாங்க."

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைக் கதவருகே போய் நின்றார். பழக்கப்பட்டவர் போல முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, துண்டை மட்டும் நீட்டினார்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

பிறகு, தாழ்ப்பாள் மெதுவாக விலகியது.