மூன்றாம் மாடியில் நின்ற லிஃப்ட்

"வணக்கம்மா. என்ன உதவி வேணும், சொல்லுங்க."

லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் இருந்த அவசர அழைப்புப் பெட்டி இப்படிப் பேசியதும் நவமணி திகைத்துப்போனாள். குனோங் ராபாட்டில் இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து நிர்வாக ஆபீசில் ஒருத்தனும் அவளுக்கு வணக்கம் சொன்னதில்லை. "என்னா?" என்பார்கள். அதுவும் போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் பொத்தானைக் குத்தியது ஆத்திரத்தில். கணவர் பத்துமலைக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் போய்விட்டது; சிறுநீரகமும் பழுதாகி, ரத்தம் சுத்தம் செய்துகொண்டு இப்போதுதான் வந்து இறங்கினார்கள். மழை விட்டு இருட்டத் தொடங்கியிருந்தது. வீடு ஆறாவது மாடியில். அவரைச் சக்கர நாற்காலியோடு லிஃப்டுக்குள் தள்ளிவிட்டு, வெளியே வைத்த மருந்துப் பையை எடுக்கத் திரும்பினாள். அவ்வளவுதான். கதவு மூடி, அவரை மட்டும் தூக்கிக்கொண்டு போன லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றுவிட்டது.

எத்தனை தடவை புகார் சொல்லியிருப்பாள்! போன வாரம்கூட ஆபீஸ்காரன் ரூபன் மீ கோரெங்கை மென்றுகொண்டே, "லிஃப்ட் ரோசாக் ஆயி கெட்டுப்போச்சுனா நான் என்னா செய்றது அக்கா? படி இருக்குல்ல?" என்றான். ஒற்றைக்கால் மனுஷனுக்குப் படி இருக்காம் படி! அந்த மீ கோரெங்கை அப்படியே அவன் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும்.

"பயப்படாதீங்கம்மா," என்றது பெட்டி. "ஐயாவ நாங்க பாத்துக்குறோம். எங்க ஆளுங்க அவர்கிட்டதான் இருக்காங்க."

அந்தக் கனிவில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. படியேறி ஓடப் போனவள் நின்றுவிட்டாள். கதவிடுக்கிலிருந்து ஒரு வாடை வந்தது. சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போன ஒட்டுப்பால் மூட்டைகளின் அதே அழுகல் நாற்றம், மேலே கம்பிகள் முனகும் சத்தத்தோடு மெல்ல மெல்ல இறங்கி அவள் துணியில் ஒட்டிக்கொண்டது.

மேலேயிருந்து பத்துமலை கத்தினார். "அடியே நவமணி! யாருடி இவனுங்கெல்லாம்? எங்கேர்ந்துடி வந்தானுங்க?"

"ரிப்பேர் ஆளுங்கதான்! சும்மா கத்தாதீங்க. மரியாதையா பேசுறாங்க, நீங்களும் கொஞ்சம் மரியாதையா பேசுங்களேன்!"

"ஏய், கைய எடு... நவமணி!"

பிறகு சத்தமே இல்லை.

ரூபன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தான். "என்னா அக்கா கத்திக்கிட்டு? லிஃப்ட் ரிப்பேர்காரரு தாப்பா டவுனுல இருக்காரு. நாளைக்குதான் வருவாரு."

"உன்னை யாருடா கேட்டா? உங்க ஆளுங்க மேல இருக்காங்க. இதுலதான் பேசுறாங்க. அவங்ககிட்ட போய் மரியாதை கத்துக்க!"

ரூபன் பெட்டியைப் பார்த்தான். பிறகு, முதல் தடவையாக, அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா... இது சும்மா பார்வைக்கு ஒட்டி வெச்சதுலா. உள்ள ஒண்ணும் இல்ல."

விரலால் நெம்பினான். பெட்டி கையோடு வந்தது. பின்னால் வெறும் சிமெண்ட். ஒரு வயர்கூட இல்லை.

லிஃப்ட் இறங்கியது. இரண்டு. ஒன்று. கதவு திறந்தது.

நாற்காலி இருந்தது. அவர் இல்லை.

நாற்றம் குப்பென்று அடித்தது. ரூபன் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.

"உள்ள வாங்கம்மா." சிமெண்டுக்குள்ளிருந்து வந்தது. பத்துமலையின் குரல். "தரை ஈரமா இருக்கு. பாத்து, மெதுவா வாங்க."

கல்யாணமான நாளிலிருந்து 'வாடி, போடி' என்பதைத் தவிர வேறு மாதிரி அவளிடம் பேசாத மனுஷன்.

நவமணி சுவரை இரண்டு கையாலும் அறைந்தாள். "ஏசுங்க! என்னை ஏசுங்க! ஒரே ஒரு தடவை ஏசுங்களேன்!"

"கோவப்படாதீங்கம்மா," என்றது அவர் குரல், ரொம்பக் கனிவாக. "எவ்ளோ நேரமானாலும் நாங்க நிக்கிறோம்."

கதவு மூடவில்லை. உள்ளே நாற்காலி, அவள் உட்கார வசதியாக, மெல்லத் திரும்பியது.