நாலாவது வரிசை

நாலாவது வரிசைக்குப் பெயர் இல்லை. சூடு மட்டும் இருந்தது. 36.8.

தவமலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். காலை எட்டரை மணி. தோட்டத்து ஆபீஸ் சுவரில் தொங்கிய வெப்பமானி பதினேழு காட்டியது. கம்ப்யூட்டரை அப்போதுதான் போட்டிருந்தாள். பெட்டி இன்னும் சில்லென்றுதான் இருந்தது. திரையில் மேலே இருந்த மூன்று வரிசைகளும் இருபதிலிருந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. இது மட்டும் போட்ட கணத்திலேயே முப்பத்தாறு புள்ளி எட்டு.

ஒரு மாதமாக அந்தக் கம்ப்யூட்டர் அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. வேலை நடுவில் சூடேறித் தானாக அணைந்துவிடும். முந்தாநாள் தானா ராத்தா டவுனிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் டொனால்ட் வந்து பெட்டியைத் திறந்தான். பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து பறந்து வரும் தேயிலைத் தூசி விசிறியில் மெத்தையாகப் படிந்திருந்தது. ஒரு கைப்பிடி அள்ளி, “கிராணி, இதுல நாலு கப் டீ போடலாம் லா” என்று சிரித்தான். உள்ளே எங்கெங்கே எவ்வளவு சூடு என்று காட்டும் ஒரு சாப்ட்வேரையும் போட்டுக்கொடுத்தான். ஒரு வாரத்துக்கு மணிக்கொரு தரம் பார்த்து எழுத வேண்டும். எண்பதைத் தாண்டினால் அணைத்துவிட வேண்டும்.

அவனுக்குப் போன் போட்டாள்.

“நாலாவதா? அது வயரே இல்லாத எடம்க்கா. ஒண்ணும் இல்லாததப் படிச்சிக்கிட்டு கெடக்கும். கண்டுக்காதீங்க.”

கண்டுகொள்ளாமல் இருப்பதற்கா பத்தொன்பது வருஷம் பெயரும் கணக்கும் எழுதிக் கிராணி வேலை பார்த்தாள்? பெயர் இல்லாத வரிசை என்றால் அவளுக்குக் கை அரிக்கும்.

அப்போது அவள் புருஷன் அர்ஜுனன் உள்ளே வந்தான். தோட்டத்து லோரி டிரைவர். தேயிலைப் பெட்டிகளை ஈப்போவுக்கு ஏற்றிப் போவதற்குச் சீட்டு வாங்க வந்தவன், அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

“முப்பத்தாறு புள்ளி எட்டா? அட, அது நான்தான் லா!”

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோவிட் காலத்தில் தினமும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவர் நெற்றியிலும் சூடு பார்த்து, பெயருக்கு நேராக எழுதினவள் அவள்தான். அர்ஜுனனுக்கு நேரே என்றைக்கும் 36.8. வீட்டிலேயே அளந்து கூட்டி வருகிறாளா என்று கங்காணிகூடக் கேலி செய்தார்.

“பேரப் போட்டு விடு மலரு. ரெண்டு எடத்துல வேல செஞ்சேன்னு இருக்கட்டும்.”

அவளும் விளையாட்டுப்போல அந்த வரிசையில் அவன் பெயரை அடித்தாள்.

தோட்டத்தில் பெயர் போடுவது சின்ன விஷயமில்லை. பெயர் போட்டால் ஆள் வேலையில் இருக்கிறான். சிவப்புக் கோடு இழுத்து வெட்டுகிற வரைக்கும் இருக்கிறான். போன வருஷம் தொழிலாளி சின்னையா செத்தபோது அவர் பெயரை அவள் வெட்ட மறந்து, மறுநாள் காலை பனிமூட்டத்தில் கங்காணி அதைக் கூப்பிட்டுவிட்டார். பதில் வந்துவிடுமோ என்று அத்தனை பேரும் காத்து நின்றார்கள். அதற்குப் பிறகு செத்தவர் பெயரை அவள் அன்றைக்கே வெட்டிவிடுவாள்.

“மழ வரும்போல இருக்கு. மெதுவா போங்க.”

“ஆறு மணிக்கெல்லாம் வந்துருவேன். பேரு போட்டாச்சுல்ல? வராம எங்க போவேன்?”

சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இறங்கிப் போனான்.

பத்து மணிக்கு 36.8. பன்னிரண்டுக்கு 36.9. மற்ற மூன்றையும் எழுதும்போது இதையும் எழுதினாள். இரண்டரைக்கு மழை பிடித்தது. மலையே கரைந்து இறங்குவதுபோலத் தகரக் கூரையில் கொட்டிய மழைச் சத்தத்தில் தொழிற்சாலை உருளைகளின் இரைச்சலும் மூழ்கிப்போக, ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவுகள் ஒவ்வொன்றாக மூட்டத்துக்குள் மறைந்து, கடைசியில் கண்ணாடியில் அவள் முகமும் திரையின் நீல வெளிச்சமும் மட்டும் மிஞ்சின. வறுத்த இலையின் மணம் எப்போதும் நிறைந்திருக்கும் அறையில் அன்று புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை அடித்தது. பெட்டிக்குள் விசிறி இழுத்து இழுத்து ஓடியது.

மூன்று மணிக்கு 38.2. மூன்று ஐந்துக்கு 38.6. பிறகு இறங்க ஆரம்பித்தது.

மூன்றரைக்கு 35.1.

வயரே இல்லாத இடம் என்று டொனால்ட் சொன்னதைச் சத்தமாகவே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு அர்ஜுனனுக்குப் போன் போட்டாள். தொடர்பு கிடைக்கவில்லை என்று மலாய் மொழியில் ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி போட்டாள். அதே குரல்.

நாலு மணிக்கு 32.4. தொழிற்சாலை நல்லுசாமி குடையோடு ஓடி வந்து வாசலில் நின்றான்.

“அக்கா, கம்போங் ராஜா தாண்டி மண்ணு சரிஞ்சிருச்சாம். ரோட்டையே காணோமாம். அண்ணன் அந்தப் பக்கந்தான...”

“போயிப் பாரு நல்லு. போ!”

அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் மழையில் தேய்ந்து மறைந்தது. தொழிற்சாலையையும் நிறுத்திவிட்டார்கள். ஆபீஸில் அவளும் விசிறியும்தான்.

29.0.

தான் செய்வது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் ஸ்வெட்டரைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தினாள். காற்றுத் துளைகளை இரண்டு உள்ளங்கைகளாலும் அடைத்துக்கொண்டாள். ஏறுங்க, ஏறுங்க என்று கெஞ்சினாள். மேலே மூன்று வரிசைகளும் ஏறின. அறுபது. எழுபத்திரண்டு. எண்பத்தொன்று. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. அணைத்தாக வேண்டும். ஆனால் அணைத்தால் அந்தப் பெயரும் அணைந்துபோகும். அவளால் முடியவில்லை. ஸ்வெட்டரை உருவி எறிந்துவிட்டு அழுதாள்.

நாலாவது வரிசை மட்டும் நிற்காமல் இறங்கியது. 24.3. 20.8.

ஆறு மணிக்கு 17.0. அதற்குக் கீழே போகவில்லை.

சுவர் வெப்பமானியைத் திரும்பிப் பார்த்தாள். பதினேழு.

வாசல்படியில் யாரோ பூட்ஸ் மண்ணைத் தேய்த்தார்கள்.

ஒரு தரம். இரண்டு தரம். லோரிச் சத்தம் கேட்கவில்லை. மோட்டார் சத்தமும் இல்லை.

அர்ஜுனன் உள்ளே வந்தான். தலையிலிருந்து கால்வரை மண். அவன் நின்ற இடத்தில் தண்ணீர் சொட்டித் தேங்கியது. அவளுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. ஆனால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“நேரமாயிருச்சா?” என்றான். வாய்க்குள் மண் இருப்பதுபோல ஒரு குரல். “பேரு கூப்புட்டாங்களா?”

“யாரு... யாரும் கூப்புடல.”

“எனக்குக் கேட்டுச்சு.”

மேசைக்கு அருகே குந்தினான். பெட்டியின் துளைகளிலிருந்து வந்த சூட்டில் கைகளை நீட்டினான். நகங்களில் மண். அவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் நெஞ்சு அசையவே இல்லை.

மேசைப் போன் அடித்தது. எடுத்தாள்.

“அக்கா.” நல்லுசாமி. அழுதுகொண்டிருந்தான். “லோரி கெடச்சிருச்சுக்கா. அண்ணன வெளிய எடுத்தாச்சு. இங்கதான் ரோட்டோரமா... துணி போட்டு மூடி வச்சிருக்கோம். நீங்க வராதீங்கக்கா. பாக்குற மாதிரி இல்ல.”

போனை வைத்தாள். அவன் திரும்பவில்லை. கைகளை நீட்டியபடியே இருந்தான்.

வெட்ட வேண்டும். செத்தவர் பெயரை அன்றைக்கே வெட்ட வேண்டும். மவுஸை நகர்த்தினாள். அர்ஜுனன் என்ற பெயர் நீலமாக எழும்பியது. ஒரு பட்டன். அவ்வளவுதான். விரலை அதன்மேல் வைத்தாள்.

“வெட்டிறாத மலரு.” மெதுவாக. சின்னப் பிள்ளை போல. “குளிருது.”

அவளோடு இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தவன். ஒரு நாளும் குளிருது என்று சொன்னதில்லை.

விரலை எடுத்துவிட்டாள்.

அவன் அந்தக் கையைப் பிடித்தான். ஈரமாக, கனமாக, பதினேழு டிகிரியில் ஒரு கை. விடவில்லை. அவளும் இழுக்கவில்லை. குளிர் மணிக்கட்டில் ஏறியது. முழங்கையில். தோளில்.

திரையில் 17.0 அசைந்தது. 17.4. 18.1.

அதற்குக் கீழே இன்னொரு வரிசை. காலையில் இல்லாதது. பெயர் இல்லை. 36.6.

36.1.

அவன் இன்னொரு கையை விசைப்பலகையில் வைத்தான். ஒற்றை விரல். எழுத்தைத் தேடித் தேடி. முதல் எழுத்து. இரண்டாவது. ஒவ்வொன்றின் மேலும் மண் ஒட்டியது.

“பேரு போட்டுட்டா,” என்றான் பிரியமாக, “காலையில ஒண்ணா போலாம்.”

மூட்டத்துக்குள் பெரட்டுக் களத்துப் பக்கமிருந்து யாரோ பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் பெயர் சின்னையா.

உள்ளேன் என்று பதில் வந்தது.

திரையில் ஐந்தாவது வரிசை நிரம்பியிருந்தது. தவமலர். 33.9.