சாவி எடுத்த பிறகு ஓடும் ஃபேன்

எங்கள் கார் நாறியது. இதை இப்படிப் பச்சையாகச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. "லேசா ஒரு வாடை" என்பார் அப்பா. "ஈரக்காத்து" என்பாள் அம்மா. லேசாவது, ஈரமாவது! ஊறவைத்து மறந்துபோன துணியைப் பக்கெட்டோடு முகத்துக்கு நேரே நீட்டினால் எப்படி இருக்கும்? ஏசியைப் போட்டதும் அப்படித்தான் குப்பென்று அடிக்கும்.

யாரால் வருகிறது என்பதில்தான் குழப்பம். அப்பா தன் ஷூவைச் சந்தேகப்பட்டுக் கழுவினார். அம்மா மிதியடிகளை வெயிலில் உதறிப் போட்டாள். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். என் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். பென்சில் சீவலும் பாதி பிஸ்கட்டும்தான் விழுந்தன. பாவம், அந்த பிஸ்கட்டில் ஒரு வாடையும் இல்லை.

அம்மா ஒரு வாசனை டப்பா வாங்கி மாட்டினாள். அதற்குப் பிறகு ரோஜாப்பூவும் ஊறிய துணியும் கைகோத்துக்கொண்டு வந்தன.

எங்களுக்காவது பழகிவிட்டது. மாடி வீட்டு சிட்டுவுக்குப் பழகவில்லை. அவள் என் வகுப்பு. தினமும் எங்கள் காரில்தான் பள்ளிக்கு வருவாள். இப்போதெல்லாம் கைக்குட்டையால் மூக்கை இறுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைத் திறந்தால் தெருத்தூசியில் தும்மல் நிற்காது. ஒருநாள் பள்ளி வாசலில் இறங்கியதும் வாந்தி எடுத்துவிட்டாள்.

அன்று மாலை சிட்டுவின் அம்மா வந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். சரியாகலைன்னா ஸ்கூல் வேன்ல சேத்துடறேன். அதுல ஒரே ஒரு சீட்டுதான் காலியா இருக்காம்."

ஒரே ஒரு சீட்டு! அப்படியென்றால் நானும் கூடப் போக முடியாது. காலையில் சிட்டு இல்லாமல் நான் யாரிடம் பேசுவேன்? அப்பாவின் பின்மண்டையிடமா?

மாமா வந்து சேர்ந்தது அப்போதுதான். அவர் அம்மாவின் தம்பி. வீடுகளுக்கு வயரிங் செய்வதுதான் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவிட்ச் பலகையைத்தான் நலம் விசாரிப்பார்.

காருக்குள் ஒரு நிமிடம் உட்கார்ந்தார். உடனே வெளியே குதித்தார்.

"பூஞ்சை! இங்க பாரு வண்டு, ஏசி ஓடும்போது உள்ள ஒரு கம்பிக்கூடு ஜில்லுனு ஆகும். ஐஸ் தண்ணி டம்ளருக்கு வெளியில முத்து முத்தா வேர்க்குமில்ல, அது மாதிரி அதுவும் வேர்க்கும். வண்டிய நிறுத்திட்டு நாம போயிடறோம். அந்த ஈரம் எங்க போகும்?"

"எங்கயும் போகாது" என்றேன். வண்டு என்பது நான்தான். கேள்வி கேட்டுக்கொண்டே காதருகில் சுற்றுவேனாம்.

மறுநாள் மாமா ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியோடு வந்தார். வண்டியை அணைத்துவிட்டு நாம் போன பிறகு, அது கொஞ்ச நேரம் காத்திருக்குமாம். பிறகு தானே ஃபேனை ஓட்டி ஈரத்தைக் காய வைக்குமாம். காய்ந்ததும் தானே நிறுத்திவிடுமாம்.

முன் சீட்டுக்கு எதிரே இருக்கும் டாஷ்போர்டு பெட்டியைக் கழற்றினார். முதலில் நுரை மருந்து அடித்துப் பூஞ்சையைக் கழுவினார். பிறகு தலைகீழாகப் படுத்துக்கொண்டு வயர்களை இணைத்தார். சிவப்பு, மஞ்சள், கறுப்பு. அவருடைய கால்கள் மட்டும் கதவுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தன.

"சாவியத் திருப்புங்க அத்தான்!"

அப்பா திருப்பினார். கறுப்புப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா? மாமா கை வச்சா சும்மாவா!" என்று மாமா தன்னைத்தானே பாராட்டிக்கொண்டார்.

சில நாட்கள் வாடையே இல்லை. சிட்டு கைக்குட்டையைப் பைக்குள் வைத்தாள். நான் வானத்தில் பறந்தேன்.

அப்புறம் ஒரு காலையில், குப்!

அதே ஊறிய துணி. சிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். கைக்குட்டை திரும்பவும் வெளியே வந்தது.

மாமா ஓடி வந்தார். திரும்பவும் நுரை, திரும்பவும் வயர், திரும்பவும் சாவி. பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்றார். ஆனால் சில நாட்களில் வாடையும் சரியாகத் திரும்பி வந்தது.

எனக்கு மண்டை காய்ந்தது. பெட்டி இருக்கிறது, விளக்கு எரிகிறது, வாடையும் அடிக்கிறது! அப்படியானால் பூஞ்சை இல்லையோ? ஷூதானோ? இல்லை, அந்தப் பாதி பிஸ்கட்டோ?

"மச்சான், உனக்கு வீட்டு வேலைதான் சரி. நாளைக்கு மெக்கானிக்கிட்ட விட்டு இதப் பிடுங்கிடலாம்" என்றார் அப்பா.

மாமா திருதிருவென்று முழித்தார். மொட்டை மாடிக்குப் போய்விட்டார். சாப்பிடக்கூட வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. அது ஒரு பக்கம். மாமாவின் முகம் இன்னொரு பக்கம்.

அன்று மாலை அப்பாவோடு கடைக்குப் போய்த் திரும்பினேன். வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு அப்பா இறங்கினார். டாஷ்போர்டு பெட்டியை மாமா இன்னும் மாட்டவில்லை. உள்ளே கறுப்புப் பெட்டி தெரிந்தது.

அதில் விளக்கு இல்லை.

"அப்பா, ஒரே ஒரு தடவை சாவியத் திருப்புங்களேன்."

"எதுக்கும்மா?"

"சும்மா."

திருப்பினார். விளக்கு எரிந்தது. எடுத்தார். அணைந்தது. இன்னொரு தடவை. எரிந்தது, அணைந்தது. "விளையாட்டா இருக்கா?" என்று முறைத்துவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார்.

நான் அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். நாம் போன பிறகுதானே இந்தப் பெட்டி வேலை செய்ய வேண்டும்? இது நமக்கு முன்னால் அணைந்துவிடுகிறதே! எல்லோரும் தூங்கும்போது விழித்திருக்க வேண்டிய காவல்காரர், முதல் ஆளாகப் படுத்துவிட்ட மாதிரி.

ஒருவேளை சாவியை எடுத்தால் காரில் எதற்குமே கரண்ட் வராதோ? அப்படியும் சொல்ல முடியவில்லை. எதிரே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்ததால் தலைக்கு மேலே விளக்கும் எரிந்தது.

எழுந்து ஓடி, "மாமா தப்பாப் போட்டுட்டார்!" என்று கத்த வாயைத் திறந்தேன். கூடத்தில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன். நேராக மொட்டை மாடிக்குப் போனேன்.

"மாமா, ஒண்ணு புரியல. கொஞ்சம் வந்து சொல்லித் தரீங்களா?"

"எனக்கே ஒண்ணும் புரியல வண்டு."

"வாங்க மாமா, ப்ளீஸ்!"

கையைப் பிடித்து இழுத்து வந்து காரில் உட்கார வைத்தேன்.

"சாவி இல்லாமயே கடிகாரம் ஓடுதே, அதுக்குக் கரண்ட் எங்கேருந்து வருது?"

"நேரா பேட்டரிலேருந்து. அது எப்பவும் வரும்."

"அப்ப இந்தப் பெட்டிக்கு?"

"அதுவும் பேட்டரிலேருந்துதான் வரணும். ஆனா அப்படி இணைச்சப்ப சிவப்பு வயர்ல சாவி இல்லாமயே கரண்ட் இருந்துச்சு. சுவிட்ச அணைச்சப்புறம் கரண்ட் இருந்தா ஆபத்துன்னு, சாவியோட சேந்து அணையற மாதிரி நான்தான் மாத்தி…"

மாமா பாதியில் நின்றார். பெட்டியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பட்டென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! சுவிட்ச் போட்டா ஓடணும், அணைச்சா நிக்கணும்னே பழகிட்டேன். அணைச்சப்புறம் ஓடறதுக்குன்னு வாங்கின பொருளையே அணைச்சு வச்சிருக்கேனே!"

"அப்பாகிட்ட சொல்லணுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

மாமா சிரித்துவிட்டார். "நானே சொல்றேன். திட்டு வாங்கறதுக்கு முன்னாடி வயர மாத்திடறேன்."

இந்தத் தடவை சிவப்பு வயர் நடுவில் ஒரு ஃபியூஸோடு பேட்டரிக்கே போனது. சாவி எடுத்தாச்சா இல்லையா என்று பார்த்துச் சொல்வது மட்டும் மஞ்சள் வயரின் வேலை. மாமா மூன்றாவது தடவையாக நுரை அடித்துக் கழுவினார். அப்பா ஏசியைப் போட்டுத் தெருவைச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினார். ஃபேன் ஓடவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு எல்லோரும் உள்ளே போய்விட்டோம்.

தட்டில் கை வைத்த நேரம், எதிர்வீட்டு அத்தை அலறினார்.

"ஐயோ, ஓடி வாங்க! உங்க காருக்குள்ள யாரோ இருக்காங்க!"

அப்பா கையில் கிடைத்த குடையோடு பாய்ந்தார். அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தாள். பூட்டிய காருக்குள்ளிருந்து 'உஸ்ஸ்ஸ்' என்று பெருமூச்சு வந்தது. உள்ளே ஈ காக்கை இல்லை.

மாமா இரண்டடி பின்னால் போனார். "அத்தான், சாவி இல்லாமயே ஓடுது!"

"ஓடறதுக்குத்தானே மாமா போட்டோம்!" என்று நான் கத்தினேன்.

அப்பா குடையால் மாமாவின் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். எதிர்வீட்டு அத்தைக்கு மட்டும் கடைசி வரை நம்பிக்கை வரவில்லை. காரின் அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகு தினமும் கார் பெருமூச்சு விட்டது. வாடை வரவில்லை. நான் தினமும் மோந்து பார்த்துச் சிட்டுவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. போன தடவையும் நான் இப்படித்தானே குதித்தேன்! வாடை திரும்பி வந்தபோது காரில் அவளுக்குத் தலை சுற்றியதால், கொஞ்ச நாளாக அவளுடைய அப்பாதான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்.

மாதத்தின் கடைசி நாள் காலையில் வேன் வந்து வாசலில் நின்றது. எனக்குத் திக்கென்றது. பின்னால் எங்கள் கார். நடுவில் பையோடு சிட்டு.

"சீட்டு வேணுமா வேண்டாமா? லேட்டாகுது" என்றார் வேன் ஓட்டுநர்.

"நீயே பாத்துச் சொல்லு" என்றார் சிட்டுவின் அம்மா.

சிட்டு எங்கள் காருக்குள் தலையை நீட்டினாள். அப்பா ஏசியைப் போட்டார். முன்னால் மோந்தாள். பின்னால் மோந்தாள். குனிந்து சீட்டுக்கு அடியிலும் மோந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் நிமிர்ந்து வேனைப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க போங்க!"

பிறகு பையை என் மடியில் தொப்பென்று போட்டாள்.

"தள்ளி உக்காருடி வண்டு. சொல்றதுக்கு எவ்வளவு இருக்கு தெரியுமா!"

நான் தள்ளி உட்கார்ந்தேன்.