நீலப் புள்ளி

அவள் வேலை முடிந்து வந்து கூடத்து விளக்கைப் போட்டாள். ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்த தம்பி, கண்ணைத் திறக்காமலேயே முகத்தை மெல்ல விளக்கின் பக்கம் திருப்பினான். தூக்கத்தில் புரளுகிறான் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கூடத்து விளக்கை அணைத்துவிட்டுச் சமையலறை விளக்கைப் போட்டுப் பார்த்தாள். அவசரமே இல்லாமல் அந்தக் கழுத்து மறுபடி திரும்பியது.

"முழிச்சிருக்கியாடா?"

நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அந்தக் குறட்டைக்காக அவள் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பாள், செய்தும்விட்டாள். லாரி மோதி முதுகில் அடிபட்ட நாளிலிருந்து அவன் கால் நரம்புகளில் ஓயாத எரிச்சல். அவன் போடும் கூச்சல் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். டாக்டர்கள் எல்லாரும் கையை விரித்த பிறகு, அவள் தன் ஆய்வுக்கூடத்து அலமாரியைத் திறந்தாள்.

மூலிகைகளிலிருந்து மருந்துச் சரக்கைப் பிரித்தெடுப்பதுதான் அவள் பிழைப்பு. ஒரு காட்டுக்கொடியின் வேரை இடித்து, ஊறவைத்து, வடித்து, கூறு கூறாகப் பிரித்து, வலியை அடக்கும் ஒரே ஒரு பொருளை மட்டும் தனியே எடுத்திருந்தாள். சோதனைத் தட்டில் இட்டுப் பார்த்தால், புற ஊதா விளக்கின் கீழே அது ஒற்றை நீலப் புள்ளியாக ஒளிரும். வலியை அடக்காத மற்ற கூறுகளையெல்லாம், இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுபோல, கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டாள். எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்காததைக் கூடப்பிறந்தவனுக்குக் கொடுத்தாள். வலி போன இடம் தெரியவில்லை. மருந்து தீர்ந்து வாரக்கணக்கில் ஆகியும் திரும்பி வரவில்லை. நம் அதிர்ஷ்டம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

போர்வையை இழுத்துவிடக் குனிந்தபோது அந்த வாசனை வந்தது. ஈர மண்ணும் கசப்பும் அடியில் மெல்லிய இனிப்புமாக, அந்த வேரை ஊறவைத்த குடுவையின் மூடியைத் திறக்கும்போது மட்டும் மூக்கில் ஏறும் வாசனை. தன் புடவையில்தான் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதோ என்று முந்தானையை முகர்ந்தாள், தலையணையை முகர்ந்தாள், கடைசியில் அவன் கழுத்து மடிப்பில் பூத்திருந்த வியர்வையை முகர்ந்தாள். வாசனை அங்கிருந்துதான் வந்தது.

அந்த வியர்வையைப் பஞ்சில் ஒற்றி, மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனாள். பஞ்சை ஊறவைத்துப் பிழிந்த சாற்றில் ஒரு சொட்டைச் சோதனைத் தட்டில் இட்டு, தட்டைக் கண்ணாடி ஜாடிக்குள் நிறுத்தினாள். ஜாடியின் அடியிலிருந்த திரவம், சாற்றின் ஒவ்வொரு கூறையும் தனித்தனிப் புள்ளியாகப் பிரித்தபடி தட்டில் ஊர்ந்து ஏறியது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. நீலப் புள்ளி மட்டும் இருந்தால் போதும், மருந்தின் மிச்சம் என்று சொல்லிவிடலாம். வேறு எதுவும் இருக்கக் கூடாது.

புற ஊதா விளக்கைப் போட்டபோது தோளுக்குப் பின்னால் ஒரு தலை நீண்டது. கூட வேலை பார்ப்பவர். எதையும் முகர்ந்தே சொல்லிவிடுவதால் ஊழியர்கள் வைத்த பெயர் மூக்கன்.

"அட, அந்தக் கொடி மறுபடி கிடைச்சிடுச்சா? சொல்லவே இல்ல பாத்தீங்களா!"

"கொடியா?"

"பின்ன? நீலம், மஞ்சள், ஆரஞ்சு... ஒண்ணு விடாம வரிசையா நிக்குதே. மேல சிவப்பா மின்னுது பாருங்க, அது இலையோட பச்சையம். வேரோட இலையையும் சேத்து அரைச்சீங்களா?"

அவள் கொடுத்தது ஒரு புள்ளி. மற்றதையெல்லாம் தன் கையாலேயே தொட்டியில் ஊற்றியவள் அவள். ஊற்றியது அத்தனையும் தட்டில் வந்து நின்றது. இலைக்கு அவன் உடம்பில் ஏது இடம்?

"இன்னிக்குப் பறிச்சதா மேடம்? இவ்வளவு புதுசா இருக்கே!"

"ஆமா," என்றாள். வேறு என்ன சொல்வது?

வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அரை நாள் விடுப்பைக்கூடச் சொல்லாமல் மழையில் ஓடினாள்.

கட்டில் காலி. போர்வை தரையில். ஈரமான காலடித் தடங்கள், சுவரோரமாக. குளியலறைக் கதவிடுக்கில் வெளிச்சம். அந்த வாசனை. வீடு முழுக்க.

கதவைத் தள்ளினாள்.

வாளிக்குள் நின்றுகொண்டிருந்தான். இரண்டு காலையும் உள்ளே வைத்து. முகம் விளக்கைப் பார்த்து. கண்கள் மூடி. உதடுகள் லேசாகப் பிளந்து.

"வலியே இல்லக்கா."

வாளியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அவள் மண்டியிட்டு அவன் கணுக்காலைப் பிடித்தாள். தூக்கினாள். வரவில்லை. குதிகாலிலிருந்து வெள்ளை வெள்ளையாக, தலைமுடியைவிட மெல்லிய வேர்கள், வாளியின் விரிசல் வழியே வெளியேறி, தரைக் கற்களின் இடுக்குகளில் ஓடி, சாக்கடைத் துளைக்குள் இறங்கியிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். என்னவோ அறுந்தது.

அலறினான். அதே அலறல். எதை நிறுத்த அவள் எல்லாவற்றையும் செய்தாளோ, அதே அலறல். பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

கையை விட்டாள்.

அலறல் நின்றது. மழைச் சத்தம் மட்டும்.

"தண்ணி ஊத்துக்கா."

அவளுக்கு அழுகை வந்தது. குழாயைத் திறந்தாள். குவளையில் பிடித்தாள். ஊற்றினாள். மறுபடி பிடித்தாள். ஊற்ற ஊற்ற, அவன் கைகள் மெல்ல மேலே எழுந்தன. விளக்கைப் பார்த்து, ஒவ்வொரு விரலாக, விரிந்தன.