மொகிலி இறக்கத்தில் எல் கியர்

கிருபாபாய் கியர்க் கம்பியை ‘எல்’லில்தான் போட்டிருந்தாள், மொகிலி மலை இறக்கம் தொடங்குமுன், தன் கையால், அழுத்தி. இப்போது முள் ‘டி’யில் நின்றது.

மிஷன் டாக்டரம்மாவின் அமெரிக்க வண்டி அது. கிளட்ச் கிடையாது, ‘டி’யில் போட்டால் கியரைத் தானே மாற்றிக்கொண்டு ஓடும். மலை இறங்கும்போது மட்டும் ‘எல்’லை நாம் போட வேண்டும், அப்போதுதான் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். வண்டியின் டிரைவர் அவள் தம்பி சாந்தகுமார். அவனுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. இறக்கம் வந்தால் நியூட்ரலில் விட்டுப் பெட்ரோலை மிச்சம் பிடிப்பான், இந்த ரோட்டு டிரைவர்கள் எல்லோரையும் போல. அவன்தான் இப்போது பின் சீட்டில், வார்டு வேலைக்காரி செங்கம்மாவின் மடியில், கண்ணாடி விரியன் கடித்த கால் வீங்கிக் கறுத்துக் கிடந்தான். பலமனேரில் விஷமுறிவு ஊசி இல்லை. சித்தூரில் இருக்கலாம். இந்த ஜில்லா ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் ஒருவனுக்கும் இங்கே ஒரு குப்பி மருந்து வாங்கி வைக்கத் தோன்றவில்லை.

சாயங்கால மழையில், தேய்ந்துபோன வைப்பர் கண்ணாடியைக் கீறிக்கொண்டே இருக்க, ஈர மண்ணும் அழுகிய இலையும் நாறும் மேகம் ஜன்னல் இடுக்கு வழியே உள்ளே ஊர்ந்து வர, புதிதாகத் தெலுங்கு எழுதிய மைல்கற்கள் யாரோ குந்தியிருப்பது போல வெள்ளையாக எழுந்து மறைந்தன.

‘எல்’லுக்கு இழுத்தாள். வண்டி உறுமித் தவழ்ந்தது.

“இன்னாக்கா, மாட்டு வண்டியா ஓட்றே?” காதுக்குப் பின்னால் சாந்தகுமார்.

அவளுக்கு உயிர் வந்தது. “வாய மூடிக்கினு படுடா.”

“பி.ஏ. படிச்சா வண்டி ஓட்ட வந்துடுமா? நான் செத்துக்கினு இருக்கேன், நீ உருட்டிக்கினு போ. நியூட்ரல்ல வுடு.”

அதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. ‘எல்’லில் ஊர்ந்தால் விஷம் முந்திக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு ‘டி’க்குத் தள்ளினாள். வண்டி பாய்ந்தது. ஒரு வளைவு. இன்னொன்று. பிரேக் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது. மிதித்தால் மெத்தை போல உள்ளே போயிற்று.

‘எல்’. இழுத்தாள். வரவில்லை.

“வுடுக்கா.”

“கம்னு இருடா! உன்னக் காப்பாத்தத்தான்டா...”

செங்கம்மா விம்மினாள். “யார்கூடம்மா பேசிக்கினு வர்றே?”

“தம்பிகூடத்தான். கேக்கல உனக்கு?”

“தம்பி மூச்சு மலை மேலயே நின்னுபோச்சும்மா. சொன்னா வண்டிய எங்கனா வுட்ருவியோன்னு நான்தான் வாயப் பொத்திக்கினு வரேன்.”

விளக்கு வெளிச்சத்தில் மேகம். மேகத்துக்குள் வளைவு. ஒரு கை ஸ்டியரிங்கில். ஒரு கை கம்பியில்.

கம்பியில் இருந்த கையின் மேல் இன்னொரு கை படிந்தது. பின்னாலிருந்து. அவள் தோளைத் தாண்டி நீண்டு. ஈரம். ஐஸ்.

“வலிக்கலக்கா. சீக்கிரம் போலாம்.”

முள் நகர்ந்தது. நியூட்ரல்.

எஞ்சின் அடங்கியது. டயர்களின் சீறல் மட்டும்.

பின் சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்தாள். செங்கம்மாவின் மடியில் சாந்தகுமார். புடவைக் கிழிசலால் தாடை இறுக்கிக் கட்டியிருந்தது. இரண்டு கைகளும் மார்பின் மேல் கோத்து வைக்கப்பட்டிருந்தன.

கம்பியின் மேலிருந்த விரல்கள் அவள் விரல்களுக்கிடையே ஒவ்வொன்றாகப் புகுந்தன.