பன்னிரண்டு எலிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

திங்கள், மாலை 4.10. ரத்தப் பரிசோதனை முடிவை ஆராய்ச்சி மாணவி இரண்டாவது முறையாகப் படித்தாள்.

இரண்டு கூண்டுகள், கூண்டுக்கு ஆறு எலிகள். பன்னிரண்டுக்கும் ஒரே வலி மருந்து, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் அளவுக்கு. முதல் கூண்டுக்குக் குடிக்கத் தண்ணீர், இரண்டாவதற்குக் கிரீன் டீ. டீ காப்பாற்றுமா என்பதுதான் அவளுடைய மூன்று வருடக் கேள்வி. வந்த பதில் அவளைக் கேலி செய்தது. தண்ணீர்க் கூண்டில் மூன்று எலிகள் நலம், மூன்று மோசம். டீக் கூண்டிலும் அதே கதை.

பேராசிரியர் யோசிக்கவே இல்லை. எலிகளைப் பராமரிக்கும் ஊழியர் பாட்டில்களை மாற்றி வைத்துவிட்டார், ஐந்தரைக்குள் அவரை வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பு என்றார். பழி போட ஆள் கிடைத்துவிட்டால் சிலருக்கு மூளை ஓய்வெடுக்கப் போய்விடும்.

ஊழியர் ஓடியது ஸ்லைடு அக்காவிடம். ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்க்கத் திசுக்களைச் சீவி ஸ்லைடு தயாரிப்பவர். தொலைந்த சாவி முதல் திருடுபோன பேனா வரை கண்டுபிடித்துக் கொடுப்பவரும் அவர்தான்.

4.25. எலி அறை வாசலில் மாணவியின் கணவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவியைக் கூட்டிப்போக வந்தவர். எழுதிய வலது கையிலேயே இரண்டு விரல்களில் பிளாஸ்திரி.

"விரல்ல என்ன தம்பி?"

"வெங்காயம் நறுக்கினேன்க்கா. கத்தி பட்டுடுச்சு."

அக்கா உள்ளே போய் எலிகளின் வால்களைப் பார்த்தார். முதல் எலிக்கு ஒரு மை வளையம், ஆறாவதற்கு ஆறு. இரண்டு கூண்டிலும் அப்படியே.

"பாட்டில் யார் மாத்துறது?"

"நான்தான்க்கா," என்றார் ஊழியர். "ஞாயிறு மட்டும் லீவு."

"நேத்து?"

"ஞாயிறு நான்தான் மாத்துவேன். நேத்து எனக்குக் காய்ச்சல்," என்ற மாணவி, கூடவே உள்ளே வந்த கணவரைக் காட்டினாள். "பாட்டிலை மட்டும் இவர் மாத்தினார்."

"எடை நோட்டைக் கொடு."

4.50. அக்கா நிமிர்ந்தார்.

"தண்ணிக் கூண்டு, மூணாம் நம்பர். சனிக்கிழமை 231 கிராம், இன்னைக்கு 198. ரெண்டே நாள்ல இப்படி இளைக்கிற ரகசியம் தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க. டீக் கூண்டு மூணாம் நம்பர் 197லேருந்து 232. ரெண்டாம் நம்பரும் அஞ்சாம் நம்பரும் மாறியிருக்கு, ஆனா தலைகீழா. தண்ணிக் கூண்டுல கூடி, டீக் கூண்டுல குறைஞ்சிருக்கு."

"நான் கூண்டோட சராசரியத்தான் பார்த்தேன்..." என்றாள் மாணவி.

"அதான் தப்பிச்சிருக்கு. கெட்டுப்போன எலி மொத்தம் ஆறு, சரியா ஒரு கூண்டு. பாட்டில் மாறல. எலி மாறியிருக்கு, அதுவும் நேத்து. தம்பி, வலது கைக்காரர் நறுக்கும்போது கத்தி வலது கையையா வெட்டும்?"

கணவர் முகம் வெளுத்தது.

"கூண்டு ரெண்டும் கைதவறி விழுந்துடுச்சுக்கா. எல்லாம் ஓடிடுச்சு. கடி வாங்கிப் பிடிச்சேன். வளையத்தை எண்ணி எண்ணித்தான் வச்சேன். கூண்டுக்கு ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் சரியா இருந்துச்சு!"

"வளையம் நம்பரைச் சொல்லும். எந்தக் கூண்டுன்னு சொல்லாது."

"ஒரு மனுஷன் வேலை போகுது, வாயைத் திறக்கலையே நீங்க!" மாணவிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "போய் சார்கிட்ட நீங்களே சொல்லுங்க." அவர் தலைகுனிந்து போனார்.

மாணவி எடைகளை வைத்து எலிகளைப் பிரித்தாள். நலமாயிருந்த ஆறும் டீ குடித்தவை. ஒரு நொடி சிரித்தாள். பிறகு நோட்டை மூடினாள்.

"இத எழுத முடியாதுக்கா. கலந்துபோன எலிய எடை பார்த்துப் பிரிச்சேன்னா யார் நம்புவாங்க? முதல்லேருந்து செய்யணும்." ஊழியரிடம் திரும்பினாள். "மன்னிச்சிடுங்கண்ணா. நானும் உங்களத்தான் சந்தேகப்பட்டேன். மறுபடியும் கூட இருப்பீங்களா?"

"இருக்கேம்மா," என்றார் அவர். "ஆனா ஞாயித்துக்கிழமை லீவு மட்டும் எனக்கு வேண்டாம்."